மோட்டார்ஹோம் பேட்டரி ஏன் முழுசாக நிறைவதில்லை: சார்ஜ் ஏறும் வழிகளைப் புரிந்துகொள்ள ஒரு கையேடு

நாள் முழுக்க வண்டி ஓட்டியாகிவிட்டது, கூரையில் சோலார் பேனல் இருக்கிறது, சார்ஜரில் பச்சை விளக்கும் எரிகிறது. ஆனாலும் ராத்திரி தண்ணீர் பம்ப் இழுத்து இழுத்து ஓடுகிறது, விடிவதற்குள் ஃபிரிட்ஜ் நின்றுவிடுகிறது. மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டி, வைத்திருப்பவர்கள் இந்த நிலைமையில் முதலில் சொல்வது, பேட்டரி போய்விட்டது, இன்னும் பெரிதாக ஒன்று வாங்கணும் என்பதுதான். வாங்கினால் என்ன ஆகும்? பழையது அரைகுறையாக நிறைந்த மாதிரியே புதியதும் அரைகுறையாகத்தான் நிறையும், கொஞ்ச நாளில் அதுவும் போகும். பேட்டரியின் அளவைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் அது உண்மையிலேயே நிறைகிறதா, எந்த வழியில் எவ்வளவு வருகிறது, வழியில் எங்கே காணாமல் போகிறது என்று பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு சாதாரண மல்டிமீட்டரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

வண்டிக்குள் என்னென்ன இருக்கிறது

மோட்டார்ஹோமில் குறைந்தது இரண்டு பேட்டரி இருக்கும். ஒன்று இன்ஜினை ஸ்டார்ட் செய்ய, இன்னொன்று வீட்டுப் பகுதிக்கு. இவற்றை ஸ்டார்ட்டர் பேட்டரி, வீட்டு பேட்டரி என்றே சொல்லிக்கொள்வோம். பெரும்பாலான வண்டிகளில் இரண்டும் 12 வோல்ட்தான், வெளியே பார்த்தால் ஒரே மாதிரிப் பெட்டிதான், ஆனால் வேலை வேறு. ஸ்டார்ட்டர் பேட்டரியில் மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். சாவியைத் திருப்பியதும் இரண்டு மூன்று நொடிக்கு நூற்றுக்கணக்கான ஆம்ப் கொடுக்கும், அப்புறம் ஓய்வு. அந்த ஒரு ஸ்டார்ட்டுக்கு மொத்தச் செலவு அரை ஆம்ப் அவர்கூட வராது. வீட்டு பேட்டரியில் தகடுகள் தடிமனாக இருக்கும், மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, ஆழமாக இறங்கி, மறுபடி ஏறுவதற்கென்றே செய்தது. இடம் பொருந்துகிறதே என்று ஸ்டார்ட்டர் பேட்டரியைக் கொண்டுவந்து வீட்டுப் பகுதிக்கு மாட்டாதீர்கள், ஆழமாக இறங்கி ஏறும் வேலையை அது ரொம்ப நாள் தாங்காது.

மூன்றாவது, வெளியே பிளக் போட்டு எடுக்கும் மெயின்ஸ் கரண்ட். நாட்டைப் பொறுத்து 230 வோல்ட்டோ 120 வோல்ட்டோ இருக்கும். இது வந்ததும் பிளக் பாயின்ட்டுகளுக்கு நேரடியாகப் போகும், கூடவே சார்ஜர் வழியாக 12 வோல்ட்டுக்கு இறங்கி வீட்டு பேட்டரியையும் ஏற்றும். விளக்கு, பம்ப், ஹீட்டரின் விசிறி எல்லாம் எப்போதுமே 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. பிளக் போட்டிருக்கும்வரை எல்லாம் ஜம்மென்று வேலை செய்து, கழற்றிய சில மணி நேரத்திலேயே எல்லாம் படுத்துவிடுகிறது என்றால், அத்தனை நாளும் லோடைத் தாங்கியது சார்ஜர், பேட்டரி பெயருக்கு உட்கார்ந்திருந்தது என்று பொருள்.

முதலில் செலவுக் கணக்கு

வோல்ட்டை ஆம்ப்பால் பெருக்கினால் வாட். 60 வாட் லேப்டாப் சார்ஜர் 12 வோல்ட்டில் சுமார் 5 ஆம்ப் இழுக்கும். ஒரு ஆம்ப் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்ப் அவர், பேட்டரி மேல் ஏ.ஹெச். என்று போட்டிருப்பது இதைத்தான். 100 ஏ.ஹெச். பேட்டரி என்றால் தோராயமாக 1200 வாட் அவர். இதில் ஒரு சங்கதி உண்டு. லெட் ஆசிட் பேட்டரியில், அதாவது ஈயத் தகடும் ஆசிடும் உள்ள சாதாரண வகையில், அந்த 100 என்ற எண் வழக்கமாக 20 மணி நேரத்தில் மெதுவாக இறக்கினால் கிடைப்பது, அதாவது 5 ஆம்ப் வீதம். அதே பேட்டரியிலிருந்து 50 ஆம்ப் இழுத்தால் இரண்டு மணி நேரம் வராது, கணிசமாகக் குறைந்துவிடும். அப்புறம், லெட் ஆசிட்டைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் சட்டென்று குறையும், அதனால் 100 ஏ.ஹெச். என்று எழுதியிருந்தாலும் கையில் இருப்பது 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். லித்தியத்தில் 80 முதல் 90 வரை தாராளமாக எடுக்கலாம்.

ஒரு நாள் கணக்கு போட்டுப் பார்ப்போம். கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஓடும்போது 4 ஆம்ப் எடுக்கிறது, 24 மணி நேரத்தில் 40 சதவீத நேரம் ஓடுகிறது என்றால் 38 ஏ.ஹெச். மின்விசிறி 2 ஆம்ப், எட்டு மணி நேரம், 16. லேப்டாப் மூன்று மணி நேரம், மாற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் 17. எல்.இ.டி. விளக்குகள் எல்லாம் சேர்ந்து 4. தண்ணீர் பம்ப் 5 ஆம்ப் இழுத்தாலும் நாளில் கால் மணி நேரம்தான் ஓடும், அது ஒன்றே கால். மொத்தம் 76. ஒரே ஒரு 100 ஏ.ஹெச். லெட் ஆசிட் பேட்டரி வைத்துக்கொண்டு இந்தச் செலவைச் செய்தால் ஒரு ராத்திரியைத் தாண்டுவதே சிரமம் என்பது பேப்பரிலேயே தெரிந்துவிடுகிறது. இதில் ஃபிரிட்ஜ் மட்டும் பாதியைத் தின்கிறது, கவனித்தீர்களா? மூடியிருக்கும் வண்டிக்குள் அனல் ஏறினாலோ, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் காற்று போக இடமில்லாவிட்டாலோ அந்த 40 சதவீதம் 60, 70 என்று ஏறும். விளக்கை அணைப்பதில் மிச்சம் பிடிப்பதைவிட ஃபிரிட்ஜுக்குப் பின்பக்கம் காற்றோட்டம் வைத்தால் பலன் அதிகம்.

பழைய வகை ஃபிரிட்ஜ், அதாவது கேஸ், மெயின்ஸ், 12 வோல்ட் மூன்றிலும் ஓடும் வகை என்றால் கதை வேறு. அது 12 வோல்ட்டில் 10 முதல் 15 ஆம்ப் வரை இழுத்துக்கொண்டே இருக்கும். வண்டி ஓடும்போது மட்டுமே அந்த மோடில் இருக்க வேண்டும், நிறுத்தியதும் கேஸுக்கு மாற்றிவிடுங்கள்.

நிறைந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்

கதவுக்கு மேலே நாலு விளக்கு எரியும் பேனலை நம்பாதீர்கள். அது காட்டுவது அந்த நேரத்து வோல்ட் மட்டும்தான். சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால் நாலும் எரியும், பம்ப் ஓடினால் இரண்டாகும்.

லெட் ஆசிட் என்றால், லோடு சார்ஜ் இரண்டும் இல்லாமல் சில மணி நேரம் ஓய்வாக விட்டு, பேட்டரி டெர்மினலிலேயே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 12.7 வோல்ட் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.2 பாதி. 12.0 என்றால் கால் பங்கு. 11.8 வந்துவிட்டால் காலி என்றே அர்த்தம், அந்த நிலையில் நாள் கணக்கில் விட்டுவைத்தால் உள்ளே உருவாகும் லெட் சல்பேட் படிகமாக இறுகிவிடும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு வராது. ஆசிடைக் கண்ணாடி நார் விரிப்பில் ஊறவைத்த ஏ.ஜி.எம். வகையில் எல்லாம் ஒரு 0.1 வோல்ட் கூடுதலாக இருக்கும்.

லித்தியத்தில், அதாவது மோட்டார்ஹோமில் பெரும்பாலும் வரும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில், இந்த வித்தை பலிக்காது. நாலு செல், ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், மொத்தம் 12.8. சார்ஜ் 80 சதவீதம் இருந்தாலும் 40 சதவீதம் இருந்தாலும் வோல்ட் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கும், கடைசியில் திடீரென்று விழும். அதனால் ஷன்ட் மீட்டர் வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரில் மாட்டும் சின்னக் கட்டை அது, உள்ளே போகும் ஆம்ப், வெளியே வரும் ஆம்ப் இரண்டையும் எண்ணிக்கொண்டே இருக்கும். ஒரு நிபந்தனை, நெகட்டிவ் வயர் எல்லாமே ஷன்ட் வழியாகத்தான் பேட்டரிக்குப் போக வேண்டும். ஒரே ஒரு நெகட்டிவை நேராக பேட்டரி டெர்மினலில் முடுக்கிவிட்டால் அந்த வழியில் போவது வருவது கணக்கிலேயே வராது, மீட்டர் 90 சதவீதம் என்று சிரித்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணையும். என்னைக் கேட்டால், புது பேட்டரிக்கும் புது பேனலுக்கும் முன்னால் வாங்க வேண்டியது இந்த மீட்டர்தான்.

சார்ஜ் ஏறும் விதம்

லெட் ஆசிட் பேட்டரி வாங்கிக்கொள்ளும் வேகம் ஒரே மாதிரி இருக்காது. முதல் கட்டத்தில் சார்ஜர் தன்னால் முடிந்த ஆம்ப் முழுவதையும் தள்ளும், வோல்ட் மெல்ல ஏறும். சுமார் 80 சதவீதம் வந்ததும் வோல்ட் 14.4 முதல் 14.8 வரை தொட்டு அங்கேயே நிற்கும், இது இரண்டாம் கட்டம். இப்போது ஆம்ப் குறைந்துகொண்டே வரும். காலியான பஸ்ஸில் ஐம்பது பேர் ஐந்து நிமிடத்தில் ஏறிவிடுவார்கள், நெரிசலான பஸ்ஸில் கடைசிப் பத்துப் பேரை ஏற்றத்தான் நேரம் பிடிக்கும், அந்த மாதிரி. கடைசி 20 சதவீதத்துக்கு நாலு மணி நேரம், அதற்கு மேலும் ஆகலாம். அவசரப்பட்டு இன்னும் பெரிய சார்ஜர் போட்டாலும் இந்தப் பகுதி வேகமாகாது. மூன்றாம் கட்டத்தில் 13.5 முதல் 13.8 வரை இறங்கி, நிறைந்ததை நிறைந்தபடி வைத்திருக்கும்.

பெரும்பாலானோர் கோட்டைவிடுவது இரண்டாம் கட்டத்தில்தான். இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி 80 சதவீதம் வந்ததும் நிறுத்துகிறோம், ராத்திரி 50க்கு இறங்குகிறது, மறுநாள் மறுபடி 80. மேலே இருக்கும் 20 சதவீதத் தகட்டுப் பரப்பு சார்ஜையே பார்க்காமல் இறுகிப்போகிறது. சில மாதத்தில் அந்த 80தான் புது 100 ஆகிவிடும், அது 70 ஆகும், 60 ஆகும். லெட் ஆசிட் வைத்திருந்தால் வாரம் ஒரு தடவையாவது சோலாரிலோ மெயின்ஸிலோ முழுசாக நிறையவிடுங்கள்.

சார்ஜரில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் சின்ன ஸ்விட்ச் இருக்கும். ஆசிட் கூழாக இருக்கும் ஜெல் வகை 14.1 முதல் 14.4 வரைதான் தாங்கும், மீறினால் உள்ளே குமிழி விழுந்து நிரந்தரமாகக் கெடும். தண்ணீர் ஊற்றும் வகைக்கு 14.8 வரை போகலாம். பேட்டரியை மாற்றிவிட்டு இந்த ஸ்விட்சை மாற்ற மறந்த வண்டிகள் ஏராளம். வெப்பநிலையையும் பார்க்க வேண்டும். இந்த வோல்ட் எல்லாம் 25 டிகிரிக்குச் சொன்னது. வெயிலில் 12 வோல்ட் பேட்டரிக்கு டிகிரிக்குச் சுமார் 0.02 முதல் 0.03 வோல்ட் குறைக்க வேண்டும், குளிரில் அதே அளவு கூட்ட வேண்டும். சார்ஜரோடு ஒரு மெல்லிய சென்சார் வயர் வந்திருந்தால் அதைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிடாமல் பேட்டரியின் மேல் ஒட்டுங்கள்.

வண்டி ஓடும்போது

இங்கேதான் நிறைய சிந்துகிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பழைய வண்டிகளில், இன்ஜின் சுழற்றிக் கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் 14.2, 14.4 வோல்ட் கொடுக்கும். இன்ஜின் ஓடும்போது ரிலே என்ற தானியங்கி ஸ்விட்ச் மூடிக்கொண்டு ஸ்டார்ட்டர் பேட்டரியையும் வீட்டு பேட்டரியையும் இணைக்கும், நிறுத்தியதும் பிரிக்கும். ஏற்பாடு எளிது, வயர்தான் பிரச்சினை. ஆல்டர்னேட்டர் முன்னால், வீட்டு பேட்டரி பின்னால். இடையில் 5 மீட்டர் தூரம், 6 ஸ்கொயர் எம்.எம். வயர், போய் வர 10 மீட்டர் என்று வையுங்கள். செம்பு வயர் என்றால் இதன் ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.029 ஓம். 30 ஆம்ப் ஓடினால் 0.86 வோல்ட் வயரிலேயே போய்விடும். முன்னால் 14.3 இருந்தால் பின்னால் 13.4தான். அந்த 13.4ஐ வைத்து லெட் ஆசிட்டை எவ்வளவு நேரம் ஏற்றினாலும் இரண்டாம் கட்டத்துக்கு உரிய வோல்ட்டை எட்ட ரொம்ப நேரம் ஆகும், அதற்குள் ஊர் வந்து சேர்ந்துவிடும். அதே இடத்தில் 16 ஸ்கொயர் எம்.எம். போட்டால் இழப்பு 0.32 வோல்ட்டுக்கு இறங்குகிறது.

உங்கள் வண்டியில் எப்படி என்று இப்படிச் சோதிக்கலாம். வீட்டு பேட்டரி கொஞ்சம் இறங்கியிருக்கும் நேரமாகப் பாருங்கள், நிறைந்திருந்தால் ஆம்ப் ஓடாது, குறையும் தெரியாது. இன்ஜினை ஓடவிட்டு மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். நீளமான வயர் ஒன்றை நீட்டிப்பாகச் சேர்த்துக்கொண்டு ஒரு முனையை ஸ்டார்ட்டர் பேட்டரியின் பாசிட்டிவிலும், மறுமுனையை வீட்டு பேட்டரியின் பாசிட்டிவிலும் தொடுங்கள். மீட்டர் காட்டும் எண் அந்தப் பாதையில் தொலையும் வோல்ட். அடுத்து நெகட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் இடையே அதே மாதிரி. 0.2, 0.3 என்றால் பரவாயில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் பாதையைத் துண்டு துண்டாகப் பாருங்கள்: ஃப்யூஸின் இரண்டு பக்கம், ரிலேயின் இரண்டு பக்கம், லக்குக்கும் (வயர் முனையில் இருக்கும் உலோக வளையம்) டெர்மினலுக்கும் இடையே. சில சமயம் ஒரு ஃப்யூஸ் ஹோல்டரில் மட்டுமே 0.4 வோல்ட் நிற்கும். 25 ஆம்ப் ஓடும்போது அது 10 வாட் வெப்பம். தொட்டுப் பார்த்தால் சுடும், பிளாஸ்டிக் லேசாகப் பழுப்பேறியிருக்கும், உள்ளே லக் சரியாக கிரிம்ப் ஆகாமல் நாலைந்து கம்பி இழை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நெகட்டிவ் பக்கத்தில் குற்றவாளி அநேகமாக வண்டியின் இரும்புச் சட்டமான சேஸிஸில் முடுக்கிய போல்ட், அடியில் பெயின்ட்டோ துருவோ இருக்கும். சுரண்டி, பளபளப்பான இரும்பு தெரிந்ததும் முடுக்கிவிட்டு மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

புது வண்டிகளில் இன்னொரு சிக்கல். யூரோ 5, யூரோ 6 என்ற ஐரோப்பிய வாகனப் புகை விதிகளுக்குப் பின் வந்த பல வண்டிகளில் ஆல்டர்னேட்டர் ஸ்மார்ட் ஆகிவிட்டது. எரிபொருள் மிச்சம் பிடிக்க ஓட்டத்திலேயே வோல்ட்டை 12.5 அளவுக்கு இறக்கும், பிரேக் பிடிக்கும்போது 15 வரை ஏற்றும். வோல்ட்டைப் பார்த்து இயங்கும் சாதா ரிலே 13.3க்கு மேல் மூடும், 12.8க்குக் கீழ் திறக்கும் என்றால், இந்த வண்டியில் அது திறந்து மூடித் திறந்து மூடி, பாதி நேரம் சும்மா இருக்கும். இதற்கு டி.சி. டு டி.சி. சார்ஜர்தான் வழி. முன்னாலிருந்து 12.5 வந்தாலும் 15 வந்தாலும் அதை வாங்கி, பின்னால் பேட்டரி வகைக்கு ஏற்ற 14.4ஓ என்னவோ அதைச் சரியாகக் கொடுக்கும். வீட்டு பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைப்பது நல்லது. 30 ஆம்ப் சார்ஜர் என்றால் அது வெளியே தருவது 30, உள்ளே இழுப்பது 37 ஆம்ப் வரை போகும், வயரையும் ஃப்யூஸையும் அதற்கேற்ப எடுங்கள். இன்ஜின் ஓடுகிறது என்று அதற்குச் சொல்ல ஒரு சிக்னல் வயர் கொடுக்க வேண்டும், ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் வண்டியில் வோல்ட்டை மட்டும் பார்த்து அதனால் முடிவு செய்ய முடியாது.

சோலார்

100 வாட் பேனல் வெயிலில் சுமார் 18 வோல்ட், 5.5 ஆம்ப் தரும். சாதாரண பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் பேனலை பேட்டரி வோல்ட்டுக்கே இழுத்துவிடும், அந்த 5.5 ஆம்ப் 13 வோல்ட்டில் வருகிறது, ஆக 72 வாட். எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் 18 வோல்ட்டிலேயே எடுத்து, கூடுதல் வோல்ட்டை ஆம்ப்பாக மாற்றிக் கொடுக்கும். கூரையில் படுக்கையாக ஒட்டிய 100 வாட் பேனலிலிருந்து நல்ல வெயில் நாளில் 300, 400 வாட் அவர், அதாவது 25 முதல் 30 ஏ.ஹெச். எதிர்பார்க்கலாம். மேலே செலவுக் கணக்கில் வந்த 76 ஏ.ஹெச்.க்கு 300 வாட் பேனல் வேண்டும் என்று வருகிறது. மழைக்காலத்தில் இதில் கால் பங்கு வந்தாலே பெரிசு.

நிழல்தான் எதிரி. பேனலின் ஒரு மூலையில் வென்ட் மூடியின் நிழலோ, ஆன்டெனாவின் நிழலோ விழுந்தாலும் இழப்பு அந்த மூலையோடு நிற்காது, செல்கள் வரிசையாக இணைந்திருப்பதால் பேனலின் பாதியே படுத்துவிடலாம். மாட்டும்போது ஒரு வரிசை முறை உண்டு: கன்ட்ரோலரில் முதலில் பேட்டரி வயர், அப்புறம் பேனல். கழற்றும்போது முதலில் பேனல். மாற்றிச் செய்தால் சில கன்ட்ரோலர்கள் புகைந்துவிடும். பேனல்களைத் தொடராக இணைத்தால் குளிர்காலக் காலை வெயிலில் வோல்ட் லேபிளில் இருப்பதைவிட ஏறும் என்பதையும் கணக்கில் வைத்துக் கன்ட்ரோலரின் உச்ச வரம்பைப் பாருங்கள்.

பிளக் போடும் இடங்கள்

ஐரோப்பாவில் நீல நிற 16 ஆம்ப் பிளக், வட அமெரிக்காவில் 30 ஆம்ப் அல்லது 50 ஆம்ப். பிளக் 16 ஆம்ப் என்பதால் 16 ஆம்ப் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம், ஐரோப்பிய முகாம்கள் பலவற்றில் 6 ஆம்ப்போ 10 ஆம்ப்போதான் கொடுப்பார்கள். 230 வோல்ட்டில் 6 ஆம்ப் என்றால் 1380 வாட், 2000 வாட் கெட்டிலைப் போட்டதும் ட்ரிப் ஆகும். சுருள் ஒயரை முழுசாக அவிழ்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள், சுற்றி வைத்தபடி ஹீட்டரை ஓட்டினால் உள்சுற்றுகள் சூடாகி இன்சுலேஷன் உருகும். வண்டிக்குள், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.டி.யில் டெஸ்ட் பட்டன் இருக்கிறது, போகிற இடத்தில் எல்லாம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழவில்லை என்றால் அதை நம்பி ஈரக்கையோடு எதையும் தொட வேண்டாம். மெயின்ஸ் பக்க வயரிங்கில் நாமே கை வைக்கக் கூடாது, எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

இன்வெர்ட்டர் ஆசை

12 வோல்ட்டிலிருந்து 1000 வாட் எடுக்க 83 ஆம்ப் வேண்டும், இழப்பைச் சேர்த்தால் 93. ஐந்து நிமிடம் 2000 வாட் கெட்டில் ஓட்டினால் செலவு 15 ஏ.ஹெச்.தான், கேட்க ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடமும் 185 ஆம்ப் ஓட வேண்டுமே! ஒற்றை லெட் ஆசிட் பேட்டரி அதற்குள் வோல்ட் இறங்கி இன்வெர்ட்டர் கத்திக்கொண்டு நின்றுவிடும். ஏர் கண்டிஷனரில் நிலைமை நேர்மாறு, ஆம்ப் கொஞ்சம் குறைவு, நேரம் மிக அதிகம். 1200 வாட்டை நாலு மணி நேரம் ஓட்ட 440 ஏ.ஹெச். கூரையில் இருக்கும் இரண்டு பேனலை வைத்து அதை ஓட்ட நினைப்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இன்வெர்ட்டர் வாங்கினால் மெயின்ஸ் மாதிரியே சீரான அலையாகக் கரண்ட் தரும் ப்யூர் சைன் வேவ் வகையே வாங்குங்கள், பேட்டரிக்குப் பக்கத்தில் குட்டையான தடித்த கேபிளில் இணையுங்கள், வேலை இல்லாதபோது அணைத்துவிடுங்கள். சும்மா ஆன் செய்து வைத்தாலே சில மாடல்கள் 10, 20 வாட் எடுக்கும், ஒரு ராத்திரிக்கு அது 10 ஏ.ஹெச். தாண்டலாம். இன்னொன்று, மெயின்ஸ் சார்ஜர் இன்வெர்ட்டரின் வெளியீட்டில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் பேட்டரியிலிருந்து எடுத்து பேட்டரிக்கே திருப்பிக் கொடுத்து, நடுவில் இழப்பு மட்டும் மிஞ்சும்.

லித்தியத்துக்கு மாறும்போது

எடை பாதிக்கும் குறைவு, ஆழமாக இறக்கலாம், கடைசி 20 சதவீதத்துக்குக் காத்திருக்க வேண்டாம், தினமும் முழுசாக நிறைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. லெட் ஆசிட்டின் முக்கியமான தலைவலியே இதில் இல்லை என்பதால், அரைகுறை சார்ஜிலேயே நாட்களைக் கழிப்பவர்களுக்கு இது நிச்சயம் பொருந்தும். ஆனால் பழைய பேட்டரியைக் கழற்றி அதே வயரில் இதை மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டாதீர்கள்.

லித்தியம் கொடுப்பதை எல்லாம் வாங்கிக்கொள்ளும். பழைய ரிலே வழியாக நேராக இணைத்தால் ஆல்டர்னேட்டரிடம் இருப்பதை எல்லாம் இழுக்கும். இன்ஜின் ஐட்லிங்கில் ஆல்டர்னேட்டரின் விசிறி மெதுவாகச் சுற்றுவதால் குளிர்ச்சியும் குறைவு, சூடாகிக் காயில் கருகலாம். இன்னொரு ஆபத்து, லித்தியம் பேட்டரிக்குள் காவலாக இருக்கும் பி.எம்.எஸ். என்ற சர்க்யூட் ஏதோ காரணத்துக்காக பேட்டரியைத் திடீரென்று துண்டித்தால், ஓடிக்கொண்டிருந்த கரண்டுக்குப் போக்கிடம் இல்லாமல் வோல்ட் எகிறி ஆல்டர்னேட்டரின் டயோடுகளைத் தின்றுவிடலாம். இரண்டுக்கும் டி.சி. டு டி.சி. சார்ஜர் மறிப்பாக நிற்கும். மெயின்ஸ் சார்ஜரில் 15 வோல்ட்டுக்கு மேல் தள்ளும் ஈக்வலைஸ், டிசல்பேட் போன்ற மோடுகள் அணைந்திருக்க வேண்டும்.

0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றவே கூடாது. குளிரில் லித்தியம் தகட்டுக்குள் நுழைய முடியாமல் உலோகமாக மேலேயே படியும், அது திரும்பாத சேதம். நல்ல பி.எம்.எஸ். தானே தடுத்துவிடும், அதனால் உறைபனிக் காலையில் வெயில் அடித்தும் சார்ஜ் ஏறாவிட்டால் பேட்டரி தன்னைக் காத்துக்கொள்கிறது என்று அர்த்தம். பேட்டரியை வண்டிக்குள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் இந்தத் தொல்லையே வராது.

ஃப்யூஸ்

ஃப்யூஸ் காப்பது வயரை. ஆகவே பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும், அந்த வயர் தாங்கும் ஆம்ப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும். மறுமுனையில் வைத்தால் நடுவே வயர் உரசி சேஸிஸைத் தொட்டால் யாரும் காப்பாற்ற முடியாது. லித்தியம் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்ப் பாயும், சாதாரண ஃப்யூஸ் எரிந்தபின்னும் உள்ளே தீப்பொறி பாலம் போட்டு கரண்ட் தொடரலாம் என்பதால் மெயின் ஃப்யூஸாகக் கிளாஸ் டி (Class T) வகையைப் போடுவார்கள். தண்ணீர் ஊற்றும் பேட்டரி சார்ஜின்போது ஹைட்ரஜனை வெளியிடும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும், பெட்டிக்கு வெளியே போகும் குழாயை அடைக்காதீர்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் சார்ஜை உடனே நிறுத்திக் கதவைத் திறங்கள், ஒரு செல் கெட்டு பேட்டரி கொதிக்கிறது.

இரண்டு பேட்டரியைப் பக்கவாட்டில், அதாவது பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ் என்று இணைத்தால் ஒரே வகை, ஒரே வயதாக இருக்கட்டும். லோடின் பாசிட்டிவை முதல் பேட்டரியிலும் நெகட்டிவை இரண்டாவதிலும் எடுங்கள், அப்போதுதான் இரண்டும் சமமாக உழைக்கும்.

நிறுத்தி வைக்கும்போது

எல்லா ஸ்விட்சையும் அணைத்த பிறகும் கேஸ் அலாரம், ரேடியோ, டிராக்கர், படி மடக்கும் மோட்டாரின் கன்ட்ரோலர் என்று ஏதாவது குடித்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்ப் என்றால் அற்பம் மாதிரி தெரியும், ஆனால் நாளுக்கு 1.2, மாதத்துக்கு 36 ஏ.ஹெச். எவ்வளவு போகிறது என்று பார்க்க, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, அந்த இடைவெளியில் மல்டிமீட்டரை 10 ஆம்ப் நிலையில் வைத்து அளக்கலாம். அந்த நேரத்தில் இன்ஜினையோ பம்ப்பையோ இயக்கிவிடாதீர்கள், மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். எண் அதிகமாக இருந்தால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள், எதை உருவியதும் எண் சட்டென்று இறங்குகிறதோ அந்தப் பாதையில்தான் குடிகாரன் இருக்கிறான்.

லெட் ஆசிட்டை முழுசாக நிறைத்துவிட்டு நிறுத்துங்கள். காலியான லெட் ஆசிட் 0 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே உறைந்து வெடிப்பு விடும், நிறைந்தது மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. லித்தியம் நேர்மாறு, பாதி சார்ஜில் வைத்து மெயின் ஸ்விட்சை அணைத்துவிடலாம். ஆனால் வீட்டு பேட்டரியை மட்டும் கவனித்துவிட்டு ஸ்டார்ட்டர் பேட்டரியை மறந்துவிடுவார்கள், பல வண்டிகளில் சோலாரும் மெயின்ஸ் சார்ஜரும் ஸ்டார்ட்டர் பேட்டரியைத் தொடுவதே இல்லை. வீட்டு பேட்டரி நிறைந்ததும் மிச்சத்தில் ஓரிரு ஆம்ப்பை முன்னால் அனுப்பும் சின்னக் கருவிகள் கிடைக்கின்றன, சில சோலார் கன்ட்ரோலர்களில் அதற்கென்றே இரண்டாவது வெளியீடும் இருக்கும். அது இல்லாத வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் ஸ்டார்ட்டர் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி வையுங்கள், அதற்கு முன் டிராக்கரும் சென்ட்ரல் லாக்கும் அதில்தான் ஓடுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள், சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிடாதீர்கள்.